மூவரைக் கொண்டு முழுவதை அறிதல்

யாப்பிலக்கணம் பயின்ற நேயர்கள் ஒன்றை அறிவர். ஒரு செய்யுள் வெண்பா யாப்பில் அமைந்ததா என்று காண விரும்புவோர், அதன் பொருளையோ பாடியவர் பெயரையோ தேடிச் செல்வதில்லை. நின்ற சீரோடு வருஞ்சீரின் முதலசை எவ்வாறு ஒட்டுகின்றது என்று தொடக்கந்தொட்டு முடிவுவரை பார்த்துச் செல்வர். அச்சிறு ஒட்டுக்குத் தளை என்று பெயர். வெண்டளையன்றி வேற்றுத்தளை ஓரிடத்திற் புகினும் அது வெண்பா ஆகாது. ஒரு பாவின் குலம் அதன் மிகச் சிறிய கட்டிலே தெரிந்துவிடுகின்றது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செய்யுளன்று, வலையமைப்பு. ஆயினும் மேற்கூறிய எண்ணமே இங்கும் நமக்கு வழிகாட்டியாகும். பெரியதொரு வலையமைப்பின் இயல்பை அதனுள் அடங்கிய சிறு சிறு கட்டுக்களை எண்ணி அறியலாமா? ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு வலையமைப்புக்களை இவ்வழியே ஒப்பிடலாமா? இக்கேள்விக்கு அறிஞர் விடை தேடிய வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீள்கின்றது. அவ்வரலாற்றில் வெற்றிகளும் உண்டு. கண்டதைக் கொண்டு அவசரமாக முடிவு கட்டக் கூடாது என்னும் பாடமும் உண்டு.

வலையமைப்பு என்பது யாது? புள்ளிகள் சில; அவற்றை இணைக்கும் கோடுகள் சில; அவ்வளவே. புள்ளிகள் மனிதராயின் கோடு நட்பைக் குறிக்கலாம். புள்ளிகள் ஒரு குளத்து உயிரினங்களாயின், எது எதனை உண்ணும் என்பதைக் கோடு காட்டலாம். கோனிக்ஸ்பேர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து உலா வருதல் இயலாது என்று லெயோனார்டு ஒயிலர் 1735ஆம் ஆண்டிற் காட்டியபோது, நிலத்தைப் புள்ளியாகவும் பாலத்தைக் கோடாகவும் எண்ணும் வழி பிறந்தது. ஆனால் ஒயிலர் எடுத்துக்கொண்டது நான்கு நிலத்துண்டுகளும் ஏழு பாலங்களுமே. நூறு, ஆயிரம், இலட்சம் எனப் புள்ளிகள் பெருகும்போது, படத்தைக் கண்ணாற் பார்த்துப் பயனில்லை. அது நூற்கண்டு சிக்கியது போலத் தோன்றும்.

மனிதரிடையே உள்ள தொடர்பைப் படமாக வரையும் முயற்சியில் முன்னின்றவர் ஜேக்கப் மொரேனோ என்னும் மருத்துவர். புக்காரெஸ்ட் நகரிற் பிறந்து, வியன்னாவில் மருத்துவங் கற்று, 1925ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றவர். நியூ யோர்க் மாநிலத்து ஹட்சன் என்னும் ஊரில், சிறுமிகளைத் திருத்தி வளர்க்கும் அரசாங்கப் பாடசாலை ஒன்று இருந்தது. 1932ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இரண்டு கிழமைகளுக்குள் 14 சிறுமிகள் அங்கிருந்து ஓடிவிட்டனர். வழக்கத்திற் பன்மடங்கு மிஞ்சிய தொகை அது. ஓடியவர்களின் குணத்தை மட்டும் ஆராய்வது போதாது என்று மொரேனோ கருதினார். யார் யாரோடு வாழ விரும்புகின்றனர் என்று கேட்டு, விடைகளைப் புள்ளியும் அம்புக்குறியுமாக வரைந்தார். ஓடிய எண்ணம் ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்கு அக்கோடுகளின் வழியே சென்றது என்பது அவர் கண்ட முடிவு. தாம் ஏன் ஓடினோம் என்பதை அச்சிறுமிகளே தெளிவாக அறிந்திருக்கமாட்டார்கள். அவர்கள் நின்ற இடமே அவர்களை அசைத்தது என்பது அவர் கொள்கை. இவ்வாராய்ச்சி 1934ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

படம் வரைந்தாயிற்று. அதிற் காண்பதெல்லாம் பொருளுடையதா? இவ்வினாவை 1938ஆம் ஆண்டில் மொரேனோவும் அவருடன் உழைத்த ஹெலன் ஜென்னிங்ஸ் அம்மையாரும் எடுத்துக்கொண்டனர். 26 பேர் கொண்ட ஏழு கூட்டங்களை அவர்கள் தெரிந்தெடுத்தனர். உணவு மேசையில் தம்மோடு இருக்க வேண்டியவர் யார் என்று, ஒவ்வொருவரும் தம் கூட்டத்துள் மூவரைக் குறித்திருந்தனர். பின்னர் 26 பேர் கொண்ட கற்பனைக் கூட்டங்களை அமைத்து, அவர்களும் மூவரைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாற்போல எழுமாறாகத் தெரிவு செய்யவைத்தனர்.

நேயர்கள் விரும்பின் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 26 பேருள் 325 சோடிகள் உண்டு. எழுமாறாகத் தெரிவு செய்தால், ஒருவரையொருவர் குறித்த சோடிகள் சராசரியாக 4 அல்லது 5 மட்டுமே இருக்கும். எவராலும் குறிக்கப்படாது தனித்து விடப்பட்டவர் ஏறத்தாழ ஒருவரே. மெய்யான கூட்டங்களிலோ பரஸ்பர நட்பும் மிகுதியாக இருந்தது; தனித்து விடப்பட்டோரும் மிகுதியாக இருந்தனர். அன்பும் புறக்கணிப்பும் ஒருங்கே தற்செயலின் அளவை மிஞ்சி நின்றன. எண்ணியது ஒரு பங்கு வேலை. எதனோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்தது மறு பங்கு. இந்த இரண்டாவது பங்கே நம் கதையின் உயிர்நாடி என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றேன்.

இருவரிலிருந்து மூவருக்குச் செல்வோம். இருவர் கூடிய உறவிற்கும் மூவர் கூடிய உறவிற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டென்று கேயோர்க் சிம்மல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1908ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். இருவருக்குள் பூசல் விளைந்தால் நடுவராக நிற்பதும், அப்பூசலைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்வதும் மூன்றாமவர் வந்த பின்னரே நிகழக்கூடியவை. நம் குடும்பங்களில் இதனைக் காணாதார் யார்?

மூன்று புள்ளிகளை ஒரு தாளில் இட்டுப் பாருங்கள். அவற்றுள் மூன்று சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் நான்கு நிலைகள் உண்டு: தொடர்பு இல்லை, முதலாமவர் இரண்டாமவரை நாடுகின்றார், இரண்டாமவர் முதலாமவரை நாடுகின்றார், இருவரும் ஒருவரையொருவர் நாடுகின்றனர். நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 வகை. யார் எவர் என்ற பெயரை நீக்கி, வடிவத்தை மட்டும் நோக்கினால் இந்த 64உம் 16 வடிவங்களில் அடங்கும். இரண்டசை கூடித் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் நான்கு சீர்கள் ஆவது போல, மூன்று புள்ளிகள் கூடி இப்பதினாறும் ஆகின்றன. இவற்றுள் மூன்றில் யாரேனும் ஒருவராவது தொடர்பின்றி நிற்பார். மூவரும் இணைந்த வடிவங்கள் 13.

1970ஆம் ஆண்டில் போல் ஹொலன்ட், சாமுவேல் லைன்ஹார்ட் என்னும் இருவர், இப்பதினாறு வடிவங்களும் ஒரு கூட்டத்தில் எத்தனை முறை வருகின்றன என்று கணக்கெடுக்கும் முறையை வகுத்தனர். குடிசன மதிப்பில் வீடு வீடாகச் சென்று எண்ணுவது போல, இங்கே மூவர் மூவராக எண்ண வேண்டும். 26 பேருக்கு 2,600 மூவர் அணிகள். 100 பேருக்கோ 1,61,700. அதே ஆண்டில் ஜேம்ஸ் டேவிஸ் என்னும் சமூகவியலாளர், பல இடங்களிலிருந்து திரட்டிய 742 நட்பு அட்டவணைகளைச் சோதித்து எழுதினார். நண்பரின் நண்பர் நமக்கும் நண்பராதல் தற்செயலாக நேர்வதினும் மிகுதி என்பது இவ்வாராய்ச்சிகளில் தெளிவாயிற்று.

ஹொலன்டும் லைன்ஹார்ட்டும் ஒப்பீட்டிற்கு எதனைக் கொண்டனர்? மொரேனோ காலத்துக் கற்பனைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் குறிப்போர் தொகை மட்டுமே மாறாது நின்றது. இவர்களோ, மெய்யான கூட்டத்திற் பரஸ்பர நட்புச் சோடி எத்தனை, ஒருதலை நட்புச் சோடி எத்தனை, தொடர்பற்ற சோடி எத்தனை என்பவற்றை அப்படியே காத்து, மற்றவற்றை மட்டுமே கலைத்தனர். இருவர் உறவினால் விளங்கிவிடும் ஒன்றை மூவர் உறவின் சிறப்பென்று சொல்லிவிடக் கூடாதன்றோ? அதற்கே இந்தக் காப்பு.

இதற்கிடையே உயிரியலாரும் வேறொரு வழியே வலையமைப்புக்களைத் திரட்டிக்கொண்டிருந்தனர். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள சீனோராப்டைற்றிஸ் எலெகன்ஸ் என்னும் புழுவிற்கு 302 நரம்புக்கலங்களே உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிச் நகரில் ஜோன் வைற், சிட்னி பிறெனர் முதலியோர் அப்புழுவை மெல்லிய சீவல்களாக அரிந்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் படமெடுத்து, எந்தக் கலம் எதனோடு தொடுகின்றது என்பதைப் பல ஆண்டுகள் உழைத்து வரைந்தனர். அவ்வரைபடம் 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்க் கணனிகள் பெருகின. 1998ஆம் ஆண்டில் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் ஆகியோர் இப்புழுவின் நரம்பு, அமெரிக்க மேற்குப் பகுதியின் மின்கம்பிகள், திரைப்பட நடிகரின் கூட்டு என மூன்றையும் அருகருகே வைத்து, மூன்றிலும் எதிர்பார்த்ததினும் முக்கோணங்கள் மிகுந்திருப்பதைக் காட்டினர். நரம்பும் நடிகரும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனர்.

அளவுகோல் கூர்மை பெற்றது 2002ஆம் ஆண்டில். இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்து ஊரி அலோன், ரொன் மிலோ முதலியோர் எழுதிய கட்டுரை ஒன்று அவ்வாண்டு ஒக்டோபரில் சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்தது. பற்றீரியா ஒன்றின் பரம்பரை அலகுகள், புழுவின் நரம்பு, ஏரிகளின் உணவு வலை, மின்சுற்றுக்கள், உலகளாவிய வலையின் பக்கங்கள் ஆகிய இவை அனைத்திலும் மூன்று புள்ளி, நான்கு புள்ளி வடிவங்களை அவர்கள் எண்ணினர். எழுமாற்று வலையை அமைக்கும் முறையிலும் அவர்கள் மேலும் ஒரு காப்பைச் சேர்த்தனர். இருவர் இருவருக்குக் கடிதம் எழுதுகின்றனர் என்று கொள்வோம். கடிதங்களின் முகவரியை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டால், யார் யாருக்கு எழுதினார் என்பது மாறும். எழுதியவர் எத்தனை எழுதினார், பெற்றவர் எத்தனை பெற்றார் என்பது மாறாது. இவ்வாறே கோடுகளின் முனைகளைத் திரும்பத் திரும்ப மாற்றி, ஒவ்வொரு புள்ளியின் வரவும் செலவும் குலையாத நூற்றுக்கணக்கான போலி வலைகளை அமைத்தனர். மெய் வலையில் ஒரு வடிவம் இப்போலிகளை விடப் பெரிதும் மிஞ்சுமாயின், அதுவே அவ்வலையின் முத்திரை.

எஸ்கெரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவில் 424 புள்ளிகளும் 519 கோடுகளும் கொண்ட வலையை அவர்கள் எடுத்தனர். அதில் ஒரு முக்கோணம் 40 முறை வந்தது. போலி வலைகளிலோ சராசரியாக ஏழு முறையே. அம்முக்கோணத்தின் வடிவம் இது: தலைவர் கடைநிலை ஊழியரை நேரே ஏவுகின்றார், இடையில் உள்ள எழுதுநரையும் ஏவுகின்றார், எழுதுநரும் அவ்வூழியரை ஏவுகின்றார். முன்னூட்டுத் தடம் என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்டனர்.

இவ்வமைப்பினால் வரும் நன்மை யாது? தலைவரின் வாய்மொழியும் எழுதுநரின் கடிதமும் ஆகிய இரண்டும் வந்தாலன்றி ஊழியர் வேலையைத் தொடங்கமாட்டார் என்று வையுங்கள். தலைவர் ஏதோ நினைவில் ஒன்றைச் சொல்லி உடனே மறந்துவிட்டால், கடிதம் வருமுன் கட்டளை இறந்துவிடும். வீண் வேலை நடைபெறாது. கட்டளை நிலைத்திருந்தால் மட்டுமே வேலை தொடங்கும். ஆனால் நிறுத்தச் சொன்னால் உடனே நின்றுவிடும். இரண்டில் ஒன்று விலகினாற் போதுமே! அரபினோசு என்னும் வெல்லத்தைப் பயன்படுத்தும் பற்றீரியாவின் அமைப்பில், தொடங்குவதில் தாமதமும் நிறுத்துவதில் விரைவும் மெய்யாகவே உண்டென்று அலோன் குழுவினர் 2003ஆம் ஆண்டிற் சோதனையாற் காட்டினர். எண்ணிக்கை சுட்டிய இடத்தில் இயக்கமும் கண்டறியப்பட்டது.

உணவு வலைகளிலோ இம்முக்கோணம் சிறந்து நிற்கவில்லை. ஒரு வேட்டை உயிர் இரண்டு இரைகளை உண்ண, அவ்விரண்டும் ஒரே உணவை உண்ணும் நாற்சந்தி வடிவமே அங்கு மிகுந்திருந்தது. ஆக, வலைக்கு வலை முத்திரை வேறு.

2004ஆம் ஆண்டில் அதே குழுவினர் அடுத்த அடியை எடுத்து வைத்தனர். இணைந்த 13 வடிவங்களும் ஒரு வலையில் எவ்வளவு மிகுகின்றன, எவ்வளவு குறைகின்றன என்பதை 13 எண்களாக எழுதினர். வலையின் பருமன் குறுக்கிடாதவாறு அவ்வெண்களை ஒரே அளவிற்குச் சுருக்கினர். இப்போது பெரியதும் சிறியதும் ஒரே தராசில் நிற்கலாம். அங்ஙனம் நிறுத்தபோது வலையமைப்புக்கள் குடும்பங் குடும்பமாகப் பிரிந்தன. மனிதர் நட்பு வலைகளும் உலகளாவிய வலையின் பக்கங்களும் ஒரு குடும்பம். புழுவின் நரம்பும் பூச்சியின் வளர்ச்சியை ஆளும் பரம்பரை அலகுகளும் மற்றொன்று. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்று நூல்களிலிருந்து வரைந்த சொல் வலைகள் இன்னொன்று. அவற்றில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய நான்கு மொழிகளும் ஏறக்குறைய ஒரே முகத்தைக் காட்டின. நான்கிலும் முக்கோணங்கள் குறைவு. ஓரினச் சொல்லை அடுத்து வேறினச் சொல்லே பெரும்பாலும் வருவதால், மூன்று சொற்கள் தம்முள் ஒன்றையொன்று தொடர்தல் அரிது என்று அவர்கள் விளக்கினர்.

இவ்விடத்திற் கதை முடிந்திருக்குமாயின் அது வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அதே சஞ்சிகையில் ஒரு மறுப்பு வெளிவந்தது. தெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாயேல் ஆட்சி-ரன்றப், லூயி ஸ்டோன் முதலிய நால்வர் அதனை எழுதினர். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. புழுவின் நரம்புக்கலங்கள் உடலில் ஓரிடத்தில் இருக்கின்றன அல்லவா? அருகில் உள்ளவை தம்முள் இணைவது எளிது. தொலைவில் உள்ளவை இணைவது அரிது. முகவரியை மாற்றிப் போட்ட போலி வலைகளோ தலையில் உள்ள கலத்தை வாலில் உள்ளதோடு தயக்கமின்றி இணைத்துவிடுகின்றன. அத்தகைய போலியோடு ஒப்பிட்டால், அண்டை அயல் என்னும் ஒரே காரணத்தால் வந்த முக்கோணமும் இயற்கை ஆக்கிய சிறப்புக் கருவியாகத் தோன்றுமே!

அவர்கள் வாதத்தோடு நிற்கவில்லை. சதுரக் கட்டத்திற் புள்ளிகளை இட்டு, அருகில் உள்ளவை இணையும் வாய்ப்பு மிகுதி என்னும் ஒரே விதியாற் பொம்மை வலை ஒன்றை அமைத்தனர். அதற்கு நோக்கமும் இல்லை, பரிணாமமும் இல்லை. ஆயினும் பழைய முறையால் எண்ணியபோது, அப்பொம்மையிலும் முன்னூட்டுத் தடம் முத்திரை போல மிகுந்து நின்றது.

அலோன் குழுவினர் விடை கூறாமல் இருக்கவில்லை. அருகாமை ஒன்றே காரணமாயின், முக்கோணத்தின் மூன்று கோடுகளும் எத்திசையும் சமமாகப் பெறும். திசை கொடுக்கும் வழிகள் எட்டு. அவற்றுள் இரண்டு, அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் சுழல் வடிவம். மற்றை ஆறும் முன்னூட்டு வடிவம். ஆகவே முன்னூட்டு மூன்றுக்குச் சுழல் ஒன்று என்னும் விகிதம் தோன்றல் வேண்டும். மெய்யான பல உயிரியல் வலைகளில் அவ்விகிதம் இல்லை. சுழல் மிக அரிது. ஆதலால் இடம் ஒன்றாலேயே அனைத்தும் விளங்கிவிடாது என்றனர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. இவ்வழக்கினாற் கிடைத்த இலாபம், இனி எவரும் முத்திரை என்று சொல்லுமுன் தாம் ஒப்பிட்ட போலியைக் காட்டியே தீர வேண்டும் என்னும் ஒழுங்கு.

அதே 2004ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் நத்தாஷா பர்சுல் என்பாரும் அவருடன் உழைத்தோரும் திசையற்ற வலைகளுக்கு இம்முறையை விரித்தனர். மூன்று, நான்கு, ஐந்து புள்ளிகளால் அமையும் இணைந்த வடிவங்கள் 2, 6, 21 ஆக மொத்தம் 29. புரதங்கள் தம்முள் ஒட்டும் வலைகளை இந்த 29ஆலும் அளந்து, எந்தப் போலி முறையோடு அவை நெருங்கி நிற்கின்றன என்று கேட்டனர். அவர்கள் கேள்வியில் நிகழ்ந்த திருப்பத்தைக் கவனியுங்கள். போலி வலை வெறும் பின்திரையாக இருந்த நிலை மாறி, எந்தப் போலி மெய்யை ஒத்தது என்பதே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 2024ஆம் ஆண்டில் வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளை முழுவதும், ஏறத்தாழ 1,39,000 நரம்புக்கலங்களோடு வரையப்பட்டபோது, அதனையும் மூன்று மூன்றாக எண்ணிப் பார்த்தனர். ஹட்சன் பாடசாலைச் சிறுமிகளின் தெரிவை எண்ணிய வழி ஈயின் மூளை வரை வந்துவிட்டது.

இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. 1938இல் ஒவ்வொருவரின் தெரிவுத் தொகையைக் காத்தனர். 1970இல் சோடிகளின் வகையைக் காத்தனர். 2002இல் ஒவ்வொரு புள்ளியின் வரவு செலவைக் காத்தனர். 2004இல் அப்புள்ளி இருந்த இடத்தையும் காக்க வேண்டும் என்றனர். ஒவ்வொரு தலைமுறையும், முன்னோர் வியந்தவற்றுள் எளிய காரணத்தால் விளங்கக்கூடியதைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டுமே வியந்தது. யாப்பு நூலாருக்கு இவ்வில்லங்கம் இல்லை. வெண்பாவின் விதியைப் புலவரே வகுத்துக்கொண்டனர். ஆதலால் தளையைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லலாம். இயற்கை தன் இலக்கண நூலை நம் கையில் தரவில்லை.

இவ்வில்லங்கம் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று. ஒரு வகுப்பிலே மூன்று பிள்ளைகள் எப்பொழுதும் ஒன்றாகத் திரிவதைக் கண்டு, அவர்கள் ஏதோ கூட்டுச் சதி செய்கின்றனர் என்று ஆசிரியர் ஐயுறலாம். அவர்கள் மூவரும் ஒரே ஒழுங்கையில் வசிப்பவராய், ஒரே பேருந்தில் வருபவராய் இருக்கலாம். ஓர் அலுவலகத்தில் ஓர் ஊரவர் கூடியிருப்பதைக் கண்டு உள்நோக்கம் கற்பிக்கலாம். அவர்கள் மேசைகள் அருகருகே இருப்பதன் விளைவாகவும் அது இருக்கலாம். மனிதர் மீது நோக்கம் ஏற்றுமுன், வேறு காரணம் எதுவுமின்றி இக்கட்டு எத்தனை முறை தோன்றியிருக்கும் என்று கேட்பது நீதி. மெய்யான கட்டு அக்கேள்வியைத் தாங்கி நிற்கும்; பற்றீரியாவின் முக்கோணம் நின்றது. தாங்காதது உதிர்ந்துவிடும். அதனை இழப்பதில் நட்டம் இல்லை.